சொக்சோ ஓய்வூதிய மனு நிராகரிக்கப்பட்டால் முறையீடு செய்வது எப்படி?

செந்தூலில் இருக்கும் என் மச்சான் லாரி ஓட்டியவர். முதுகுத்தண்டில் சவ்வு விலகிய பிறகு, மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்துக்கு மனு போட்டோம். எழுதியவன் நான். ‘தாங்க முடியாத வலி’ என்பதையே நான்கு விதமாக எழுதியிருந்தேன். மனு நிராகரிக்கப்பட்டது. இன்று அதைப் படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

படி 1: நாள்காட்டியை எடுங்கள். மருத்துவர் குழுவின் முடிவை எதிர்த்து முறையிட 90 நாள் அவகாசம். கடிதம் கைக்கு வந்த நாளை விட்டுவிட்டு, முடிவுத் தேதியிலிருந்தே எண்ணுங்கள்.

படி 2: காரணத்தைப் படியுங்கள். கடிதம் மலாயில் இருக்கும். புரியாவிட்டால் பிள்ளைகளிடம் கொடுங்கள், வெட்கமில்லை. சந்தா போதவில்லை என்றால் எத்தனை மருத்துவ அறிக்கை சேர்த்தாலும் பயனில்லை. முழுத் தகுதிக்கு, மனுவுக்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா இருக்க வேண்டும் என்பது ஒரு வழி. வேறு கணக்குகளும் உண்டு. சந்தா அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். சம்பளத்தில் பிடித்த பணத்தை முதலாளி கட்டவில்லையா? பழைய சம்பளச் சீட்டுகள்தான் உங்கள் ஆயுதம்.

படி 3: நிராகரித்தது மருத்துவக் காரணத்தாலா? இங்கேதான் நான் சறுக்கினேன். சொக்சோவுக்கான 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வலியை அளப்பதில்லை. குணமாக வாய்ப்பில்லாத நோயால், நல்ல உடல்நிலையில் உள்ள ஒருவர் வழக்கமாகச் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட உங்களால் ஈட்ட முடியவில்லையா என்றுதான் பார்க்கிறது. அதுவும் பழைய வேலையில் மட்டுமல்ல, உங்கள் உடல் தாங்கும் எந்த வேலையிலும். ‘லாரி ஓட்ட முடியாது’ என்று எழுதினால், ‘காவலாளியாக உட்காரலாமே’ என்ற கேள்வி வரும். எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, எத்தனை கிலோ தூக்க முடிகிறது, மருந்து சாப்பிட்டால் தூக்கம் வருகிறதா: இவற்றை எழுதுங்கள்.

படி 4: சிகிச்சை தரும் நிபுணரிடம் புதிய அறிக்கை கேளுங்கள். நோயின் பெயர் மட்டும் போதாது. என்னென்ன சிகிச்சை நடந்தது, இனி முன்னேற்றம் உண்டா, எந்த அசைவு முடியாது என்பவை அதில் இருக்க வேண்டும். மருத்துவர் அவசரத்தில் இருப்பார்; கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

ஓகேயு அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, இருந்தால் ஓய்வூதியம் தானாக வந்துவிடும் என்று பிரிக்ஃபீல்ட்ஸ் தேநீர்க் கடையில் யாராவது சொல்வார்கள். தலையாட்டிவிட்டு வாருங்கள். அது சமூகநலத் துறை தரும் அட்டை, அளவுகோலே வேறு.

படி 5: முறையீட்டை சொக்சோ அலுவலகத்தில் கொடுங்கள். மருத்துவ முறையீட்டை விசாரிப்பது ‘ஜெமாஆ டோக்டோர் ராயுவான்’, அதாவது மேல்முறையீட்டு மருத்துவர் குழு. நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

படி 6: குழு அழைக்கும் நாளில் ஸ்கேன் படங்கள், மருந்துகள், ஊன்றுகோல் எல்லாம் உடன் வரட்டும். நடிக்க வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். நம் ஆண்களுக்கு ஒரு பழக்கம்: மருத்துவர் ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்றால் ‘பரவாயில்லை டாக்டர்’ என்பார்கள். என் மச்சானை முந்தின இரவே உட்காரவைத்து, அந்தச் சொல்லை மட்டும் சொல்லக் கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கினாள்.

அங்கும் மறுத்தால், சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியம் இருக்கிறது. அதற்கும் மேலே உயர் நீதிமன்றம், ஆனால் சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே. அந்தக் கட்டத்தில் வழக்கறிஞரைப் பாருங்கள்.