கட்டை விரலால் அழுத்திப் பார்த்து கேமரா பை வாங்குங்கள்

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு கல்யாணம். தாலி கட்டு, பந்தி எல்லாம் எடுத்து முடித்துவிட்டு, பையை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தினேன். ஹெல்மெட்டை எடுக்கத் திரும்பிய நேரத்தில் பை சரிந்து தரையில் விழுந்தது. ஒரு முழ உயரம்கூட இருக்காது. பையில் கீறல் இல்லை, கேமராவிலும் கீறல் இல்லை. மறுநாள் ஒரு படம் எடுத்துப் பார்த்தால் வலது ஓரம் பளிச்சென்று இருக்கிறது, இடது ஓரம் கலங்கி வருகிறது. தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டுகிற 70-200 லென்ஸைக் கேமராவில் மாட்டியபடியே, வாய் கீழே இருக்கும்படி பைக்குள் நிறுத்தியிருந்தேன். ஒன்றரைக் கிலோ லென்ஸும் முக்கால் கிலோ கேமராவும் இரண்டையும் இணைக்கிற ஒரே ஒரு மவுண்ட் வளையத்தில் சேர்ந்து நிற்கின்றன. விழுந்த அதிர்ச்சியில் அந்த வளையம் மயிரிழை அளவு சாய்ந்துவிட்டது. சரிசெய்யக் கொடுத்த காசில் நல்ல பை இரண்டு வாங்கியிருக்கலாம்.

நாகர்கோவிலில் 14 வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். அந்த நாளுக்குப் பிறகு எந்தப் பையைப் பார்த்தாலும் முதலில் அடிப்பாகத்தைத்தான் பார்க்கிறேன். கடையில் பையைக் காலி செய்து கண்ணாடி மேஜைமேல் வையுங்கள். உள்ளே கைவிட்டு, அடியில் கட்டை விரலால் நன்றாக அழுத்துங்கள். மேஜையின் கடினம் விரலுக்குத் தட்டுப்பட்டால் அந்தப் பை வேண்டாம். மெத்தை மாதிரி பொதபொதவென்று அமுங்குகிற ஸ்பாஞ்ச் கைக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் விழும்போது அது ஒரே நொடியில் அமுங்கிப்போய், அடி முழுவதும் லென்ஸுக்குப் போய்விடும். நல்ல ஃபோம் விரலை எதிர்த்துத் தள்ளும்; எடுத்ததும் பள்ளம் மறைந்துவிடும். அடியில் கட்டை விரல் கனமாவது இருக்க வேண்டும். பக்கச் சுவர் கொஞ்சம் மெலிந்திருந்தால் பரவாயில்லை, உள்ளே தடுப்புகள் தாங்கிக்கொள்ளும். நல்ல பையிலும் லென்ஸைக் கழற்றித்தான் வைக்க வேண்டும். முடியாவிட்டால் கேமராவைப் படுக்க வைத்து, லென்ஸுக்கு அடியில் ஒரு தடுப்பை முட்டுக் கொடுங்கள்.

கடைக்குப் போகும் முன் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. பெட்ஷீட் விரித்து, ஒரு முகூர்த்தத்துக்கு நிஜமாகவே எடுத்துப் போகிற சாமானை மட்டும் அதில் பரப்புங்கள். என் கணக்கு: இரண்டு கேமரா பாடி, மூன்று லென்ஸ், இரண்டு ஃபிளாஷ், பேட்டரிகள், சார்ஜர். பொருளுக்குப் பொருள் இரண்டு விரல் இடைவெளி விட்டு, டேப்பால் நீளம், அகலம், உயரம் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பையின் உள் அளவைத்தான் ஒப்பிட வேண்டும். அட்டையில் பெரிதாகப் போட்டிருப்பது பல நேரம் வெளி அளவு. பிறகு வாங்கப்போகிற லென்ஸுக்காக இப்போதே பெரிய பை வாங்காதீர்கள். காலி இடத்தில் சாமான் உருண்டு ஒன்றோடொன்று மோதும்.

பையா பெட்டியா என்பதை உங்கள் பயணம்தான் முடிவு செய்யும். பஸ்ஸிலும் ஸ்கூட்டரிலும் போகிறவர்களுக்கு முதுகுப் பைதான். குமாரகோவில் படியில் ஏறி இறங்கிப் படம் எடுக்கிறவன் கையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்க முடியாது. இடுப்புப் பட்டை உள்ள பை வாங்குங்கள், தோள் தப்பிக்கும். தோள்பட்டை கோக்கிற கொக்கி உலோகத்தில் இருக்கட்டும். ஜிப்பைச் சாமான் நிறைத்தபடி பத்துத் தடவை இழுத்துப் பாருங்கள், மூலையில் திக்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. தனியாக ரெயின் கவர் இல்லாத பையை நான் தொடுவதில்லை. துணி தண்ணீரைத் தள்ளினாலும் ஜிப்பும் தையலும் விட்டுக்கொடுக்கும்.

வேன் டிக்கியில் லைட் ஸ்டாண்டோடு சேர்த்துப் போடுகிறவர்களுக்கும், ரயிலில் சாமானை சீட்டுக்கு அடியில் தள்ளுகிறவர்களுக்கும் ஹார்ட் கேஸ், அதாவது கெட்டி ஓடு உள்ள பெட்டி நல்லது. மூடியைச் சுற்றி ஓடுகிற ரப்பர் வளையத்தைக் கவனியுங்கள். விரலால் தடவினால் எங்கும் வெடிப்போ தட்டையோ இருக்கக் கூடாது. ஐபி 67 என்று போட்டிருந்தால் தூசி புகாது, 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். முன்பக்கம் சின்னத் திருகு மாதிரி ஒரு வால்வு இருக்கிறதா பாருங்கள். விமானத்தில் போய் இறங்கினால் உள்ளே வெளியே காற்றழுத்தம் மாறி மூடி இறுகிக்கொள்ளும், வால்வு அதைச் சமன் செய்யும்.

திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறுகிறவர்கள் எடையைக் கணக்குப் போட வேண்டும். உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்கு வழக்கமாக 7 கிலோதான். பெலிக்கன் 1510 மாதிரி கேபினுக்கென்றே செய்த பெட்டி காலியாகவே 5 கிலோவுக்கு மேல். மீதியில் கேமராவே அடங்காது. அதனால் விமானத்துக்கு நான் எடை குறைந்த துணிப் பைதான் எடுக்கிறேன். கூடுதல் பேட்டரிகளை செக்-இன் பெட்டியில் போடவே கூடாது, கையோடுதான் கொண்டுபோக வேண்டும். கேமரா பேட்டரி ஒவ்வொன்றும் விமானத்தில் வைத்திருக்கிற 100 வாட் ஹவர் வரம்புக்கு வெகு கீழே, அதில் சிக்கல் இல்லை. முனைகளை டேப்பால் மூடி, தனித்தனி உறையில் போடுங்கள்.

பெட்டியோடு கட்டம் கட்டமாகப் பிய்த்தெடுக்கிற ஃபோம் வந்தால் அவசரப்பட்டுப் பிய்க்காதீர்கள், பிய்த்ததை ஒட்ட முடியாது. சாமான்களை மேலே அடுக்கி, ஒரு வாரம் இடம் மாற்றி மாற்றிப் பார்த்த பிறகு கை வையுங்கள். வேலைக்கு வேலை வேறு லென்ஸ் எடுத்துப்போகிற வழக்கம் இருந்தால் இடம் மாற்றி ஒட்டுகிற வெல்க்ரோ தடுப்பு வைத்ததை வாங்குவது புத்திசாலித்தனம்.

இனி நான் மன்றாடிச் சொல்ல வேண்டிய விஷயம். நல்ல பை வந்துவிட்டது என்று கேமராவை அதற்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடாதீர்கள். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. அதற்கு முந்தைய ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழை. ஒரு வருடம் அந்த மழையில் நனைந்து வந்த பையை வெளியே மட்டும் துடைத்து, அப்படியே அலமாரியில் வைத்தேன். தை பிறந்து எடுத்து, 85 லென்ஸில் சாய்வாக டார்ச் அடித்தபோது உள் கண்ணாடியில் சிலந்தி நூல் மாதிரி வெள்ளைக் கிளைகள். ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. ஃபோமில் தங்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் லென்ஸில் ஏறியிருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்தும் கண்ணாடியின் மேல்பூச்சான கோட்டிங்கில் விழுந்த தடம் இன்றுவரை போகவில்லை.

இப்போது வேலை முடிந்து வந்ததும் பையை மொத்தமாகக் காலி செய்து, தடுப்புகளைக் கழற்றி, மின்விசிறிக்கு அடியில் ஒரு ராத்திரி விரித்து வைக்கிறேன். கேமராவும் லென்ஸும் ஈரத்தை அளவாக வைக்கிற அலமாரியான டிரை கேபினட்டில், 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில். அதற்குக் காசு இல்லாத காலத்தில், மூடி இறுகிய சமையலறை பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரப்பத மீட்டரும் போட்டு வைத்தேன், அதுவும் நன்றாகவே வேலை செய்தது. நீலத்திலிருந்து ரோஸாக மாறுகிற ஜெல்லில் விழுங்கினால் கெடுதலான கோபால்ட் உப்பு இருக்கிறது, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆரஞ்சு நிற வகையை வாங்குங்கள். ஏசி மண்டபத்திலிருந்து வெளியே வரும்போது கேமராவைப் பைக்குள் மூடியே அரை மணி நேரம் விடுங்கள், லென்ஸில் நீர் பூக்காது.

பழைய பெட்டி விலைக்கு வந்தால் திறந்ததும் மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தாலோ, ஃபோம் விரலில் பிசுபிசுவென்று ஒட்டி உதிர்ந்தாலோ, பெட்டியின் வெளி ஓடு நன்றாக இருந்தால் மட்டும் விலை பேசி வாங்குங்கள். வாங்கிய அன்றே ஃபோமை எறிந்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, புது ஃபோம் வெட்டிப் போடுங்கள்.