மொறிஸ் மைனருக்கு மின்விசிறி: டைனமோவைக் கேட்டு வாங்குங்கள்

மொறிஸ் மைனர் கொதிக்கிறது என்று யாராவது சொன்னால், எங்கே கொதிக்கிறது என்று கேளுங்கள். காத்தான்குடிக் கடைத்தெருவில் மாலை நேரத்தில் ஊர்ந்து போகும்போது சூடேறி, கல்முனை வீதியில் வேகம் பிடித்ததும் தணிகிறதா? குறை காற்றில் இருக்கிறது, மின்விசிறி உதவும். வெறும் வீதியில் 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போதே ஆவி கிளம்பினால் கதை வேறு. அந்த வேகத்தில் முன்னாலிருந்து வருகிற காற்றே தாராளம். ரேடியேட்டர் குழாய்கள் அடைத்திருக்கலாம், இக்னிஷன் நேரம் தவறியிருக்கலாம், ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அதற்கு மின்விசிறி வாங்குவது காசைக் கரியாக்குவது.

காரோடு வந்த விசிறி எஞ்சின் பெல்ட்டில் சுற்றுவது. எஞ்சின் மெதுவாக ஓடினால் அதுவும் மெதுவாகத்தான் சுற்றும். கச்சான் காற்று வீசுகிற காலத்தில், ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அமிர்தகழிப் பக்கம் பழைய கார் கொண்டுபோனவர்களுக்கு மேலும் விளக்கத் தேவையில்லை.

எந்த அளவு?

பெரிய விசிறியாகப் பார்த்து வாங்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள். மைனரின் லூக்காஸ் டைனமோ, அதாவது பெல்ட்டில் சுற்றி மின்சாரம் தரும் கருவி, தருவது அதிகபட்சம் 22 அம்பியர். இரவில் முன்விளக்கும் பக்க விளக்குகளும் சேர்ந்து 9 அம்பியர் அளவில் எடுக்கும்; இக்னிஷன் கொயிலுக்கு 3 வைத்துக்கொள்ளுங்கள். 7 அம்பியர் அளவில் இழுக்கிற 10 அங்குல விசிறி இந்தக் கணக்குக்குள் அடங்கும். 15 இழுக்கிற பெரிய விசிறி அடங்காது. கார் நிற்கும்போது டைனமோ ஏறக்குறைய எதையும் தராது, விசிறி பற்றரியைத்தான் உறிஞ்சும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். 1275 சிசி எஞ்சினும், டைனமோவுக்குப் பதிலாகக் கூடுதல் மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டரும் ஏற்றி, காரைத் தாழ்த்தி ஓட்டுகிற இளைஞர்கள் 12 அங்குலம் வரை போகலாம்.

பொருத்துதல்

பற்றரியிலிருந்து பொடிக்கு (காரின் உலோக உடலுக்கு) போகும் ஏர்த் கேபிளை முதலில் கழற்றுங்கள். பழைய விசிறியைப் பிடித்திருக்கும் அதே போல்ட்டுகள்தான் தண்ணீர்ப் பம்பின் புலியையும் (பெல்ட் ஓடும் சில்லு) பிடித்திருக்கின்றன. விசிறியை எடுத்தபின் அவை நீளமாகிவிடும். குட்டையானவற்றைப் போட்டுப் புலியை மீண்டும் இறுக்குங்கள். பம்பும் டைனமோவும் அந்தப் பெல்ட்டில்தான் ஓட வேண்டும். விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமிழ்கிற இறுக்கம் போதும்.

ரேடியேட்டருக்கும் புலிக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்த பிறகே கடைக்குப் போங்கள். எஞ்சின் ரப்பர் தாங்கிகளில் ஆடும், ஆகவே 20 மில்லிமீற்றராவது இடைவெளி விடுங்கள். பின்னால் இடம் போதாவிட்டால் முன்பக்கம் வைத்துக் காற்றைத் தள்ளுகிற வகையை வாங்கலாம். பலன் சற்றுக் குறையும். ரேடியேட்டர் தகடுகளுக்குள் பிளாஸ்ரிக் கம்பி செருகிக் கட்டுகிற முறையை எனக்கு அறவே பிடிக்காது. அதிர்வில் குழாய் தேய்ந்து ஒழுகும். இரும்புப் பட்டி வளைத்து ரேடியேட்டரின் சட்டத்தில் பூட்டுங்கள்.

வயர் வேலை

பலர் சறுக்குவது இங்கேதான். மைனர் 1971இல் உற்பத்தி நிற்கும் வரை நேர் முனை ஏர்த் கொண்ட கார். பற்றரியின் நேர் முனைதான் பொடியோடு சேர்ந்திருக்கும். இன்றைய விசிறிகள் இதற்கு நேர்மாறான கார்களுக்காகச் செய்யப்பட்டவை. வழக்கம்போல் கறுப்பு வயரைப் பொடியில் பூட்டினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். உங்கள் காரை இடையில் யாராவது மாற்றியிருக்கவும் கூடும். பற்றரியின் எந்த முனை பொடிக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள்.

நேர் முனை ஏர்த் என்றால் விசிறியின் நேர் வயர் பொடிக்கு. எதிர் வயர் ரிலேயின் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) 87 என்று எண்ணிட்ட முனைக்கு. ரிலேயின் 30ஐ, 15 அம்பியர் பியூஸ் ஒன்றின் வழியாகப் பற்றரியின் எதிர் முனையோடு இணையுங்கள். பியூஸ் பற்றரிக்கு அருகிலேயே இருக்கட்டும். 86க்கு பியூஸ் பெட்டியின் ஏ4 முனையிலிருந்து, பச்சை வயர் வருகிற இடத்திலிருந்து எடுக்கலாம். சாவி போட்டால்தான் அங்கே மின்சாரம் வரும். 85 வெப்பச் சுவிட்சுக்கு. உள்ளே டயோட் உள்ள ரிலேயைத் தவிருங்கள். கல்லடிக் கடற்கரைப் பக்கம் வீடென்றால் எல்லா முனைகளுக்கும் வாசலின் பூசுங்கள், உப்புக் காற்று செம்பை விட்டுவைக்காது.

வெப்பச் சுவிட்ச் மேல் ஹோஸின் நடுவே ஓர் அலுமினியக் குழாயில் பூட்டப்படும். இரு பக்கமும் ரப்பர் என்பதால் அந்தக் குழாய்க்கு ஏர்த் கிடையாது. ஒற்றை முனைச் சுவிட்ச் என்றால் குழாயிலிருந்து பொடிக்குத் தனி வயர் ஒன்று இழுத்தே ஆக வேண்டும். தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) 82 பாகையில் திறப்பதானால் 92 அளவில் இயங்கும் சுவிட்ச் எடுங்கள். தெர்மோஸ்டாட்டுக்குக் கீழான சுவிட்ச் போட்டால் விசிறி ஓயவே ஓயாது.

ஓட்டிப் பார்த்தல்

வாவியோரக் கிணற்றுத் தண்ணீரை ஊற்ற வேண்டாம். உவர்ப்பு உள்ளே துருப்பிடிக்க வைக்கும். கூலன்ற் ஊற்றுங்கள். மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து காற்றுக் குமிழிகள் வெளியேறியதும் நிரப்பி மூடுங்கள். சூடேறிவிட்ட ரேடியேட்டரை மட்டும் திறக்காதீர்கள்.

பின்பக்கம் பூட்டிய விசிறி இயங்கத் தொடங்கியதும் ரேடியேட்டரின் முன்னால் ஒரு தாளைப் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி. தள்ளப்பட்டு விழுந்தால் எஞ்சினை நிறுத்தி, விசிறியின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றுங்கள்.