வழக்கமான இடம் எங்கே? சபை அறிவிப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் வருகிற சனிக்கிழமை வழக்கமான இடத்தில் வழக்கமான நேரத்தில் நடைபெறும்.” எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பல வருடமாக இப்படித்தான் வாசித்துவந்தோம். கல்யாணமாகி ஊருக்கு வந்த ஒரு பெண், ஆறு மாதம் கழித்து என் மனைவியிடம் கேட்டார்: “அக்கா, அந்த வழக்கமான இடம் எங்கே இருக்கு?” ஆறு மாதமும் அவரைக் கூட்டத்துக்கு வரவிடாமல் செய்தது எங்கள் அறிவிப்புதான்.

விவரம் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்காகவே எழுதுகிறோம். சபையின் தகவல் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. நாள், நேரம், இடம், விவரம் கேட்க ஒருவருடைய பெயரும் போன் எண்ணும் எல்லா அறிவிப்பிலும் வேண்டும். அசனம், சேகரம் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகள்) போன்ற சொற்கள் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பழக்கம். கோவையிலிருந்து மாற்றலாகி வந்தவருக்கு அசனம் என்றால் என்ன புரியும்? ‘எல்லோரும் சேர்ந்து உண்ணும் சபை விருந்து, நீங்களும் வாருங்கள்’ என்று ஒரு வரி சேர்த்தால் அவரும் குடும்பத்தோடு வந்து பந்தியில் உட்காருவார்.

இன்னொன்று, ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு ஓய்வது. கல்யாண ஓலையை, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்ற அறிவிப்பை, மூன்று ஞாயிறு வாசிக்கிறோம். ஒரு வாரம் வராதவர் அடுத்த வாரம் கேட்டுக்கொள்வார். ஆனால் பிள்ளைகளுக்கான விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) தேதியை ஒரு ஞாயிறு மட்டும், அதுவும் பதினைந்து அறிவிப்புகளுக்கு நடுவில் வேகமாக வாசித்துவிட்டு, பிள்ளைகள் குறைவு என்று வருத்தப்படுகிறோம். முக்கியமான மூன்றை மட்டும் நிதானமாக வாசியுங்கள். மற்றவை அறிவிப்புப் பலகைக்குப் போகட்டும்.

வாட்ஸ்அப் குழுவில் காலை வசனப் படங்கள் குவிந்துகிடக்கும். ஒருமுறை அடக்க ஆராதனை நேரம் மாறிய செய்தி அதற்குள் மறைந்துபோய், தூரத்திலிருந்து வந்தவர்கள் இறந்தவரின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் திரும்பினார்கள். அந்த வேதனை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அறிவிப்புகளுக்கென்று அட்மின் மட்டும் பதிவிடும் தனிக் குழு வைத்துக்கொள்ளுங்கள். பிராட்காஸ்ட் பட்டியலை மட்டும் நம்ப வேண்டாம். அனுப்புகிறவரின் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும். பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு, தெருவுக்கு ஒரு வாலிபர் வீதம் நேரில் போய்ச் சொல்வதுதான் வழி.

ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஒருவருடைய நோயை, குழந்தையில்லாத வருத்தத்தை, மகனின் குடிப்பழக்கத்தை அவரைக் கேட்காமலே குழுவில் போடுவது நான் பார்த்ததில் மிகப் பெரிய தவறு. ஜெபிக்கச் சொன்னவர் போதகரை நம்பித்தான் சொன்னார். உதவிப் பை வாங்கும் விதவையைப் படம் எடுத்துப் பதிவிடுவதும் அப்படித்தான். அந்தப் படத்தை அவருடைய பிள்ளைகளும் பார்ப்பார்கள். எத்தனை குடும்பங்களுக்கு உதவினோம், எவ்வளவு செலவானது என்று எழுதுங்கள், அது போதும். காணிக்கை கொடுத்தவர்களுக்கும் அந்தக் கணக்குத்தான் வேண்டும்.

கன்வென்ஷன் (நற்செய்திக் கூட்டம்) பேனரில் கமிட்டிக்காரர் படங்கள் பெரிதாகவும் தேதி சிறிதாகவும் இருந்தால் யாரை அழைக்கிறோம்? அனுமதியில்லாமல் சாலையோரம் கட்டவே கூடாது. 2019-ல் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்ததை மறக்க முடியுமா? ஒலிபெருக்கிக்கும் இரவு 10 முதல் காலை 6 வரை தடை உண்டு. பக்கத்துத் தெருவில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு நம் சபையைப் பற்றி முதலில் தெரியவருவது அந்தச் சத்தமாக இருக்கக் கூடாது.

ஞாயிறு அறிவிப்பை சனிக்கிழமையே எழுதி, சபைக்குப் புதிதாக வந்த ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவர் எந்த இடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்கிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள்.