வீடியோ போக்குவரத்து மாதிரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடியோவுக்கு எவ்வளவு அகலமான இணைய இணைப்பு வேண்டும் என்று பார்க்க, வீடியோ தரவின் ஓட்டத்தைக் கணக்காக்கிக் காட்டுவதுதான் வீடியோ போக்குவரத்து மாதிரி. அதற்காக மொரிஷியஸின் எபேனில் எங்கள் அணிக்கு வரும் பிள்ளைகள் நன்றாகப் படித்தவர்கள். பிட்டையும் பைட்டையும் குழப்புவது மாதிரியான சறுக்கல்களைத் தாங்களே திருத்திக்கொள்வார்கள். ஆனால் எங்கள் தலைமுறை விழுந்த அதே பள்ளங்களில் அவர்களும் விழும்போது மனசு கேட்கவில்லை.

ஹிஸ்டோகிராமை மட்டும் பொருத்துவது

பணத்தைத் தின்னும் தவறு இதுதான். ஒரு வீடியோவின் ஃபிரேம் (தனித்தனிப் படம்) ஒவ்வொன்றின் தரவு அளவையும் எடுத்து, எந்த அளவு எத்தனை முறை வருகிறது என்று ஹிஸ்டோகிராம் வரைந்து, அதற்குக் காமா பரவல் என்ற புள்ளியியல் வளைகோட்டைப் பொருத்துகிறார்கள். வளைகோடு அழகாக உட்காருகிறது. அப்புறம் அந்தப் பரவலிலிருந்து ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத எண்களை எடுத்துச் சிமுலேஷனில் ஓட்டுகிறார்கள். அனுப்ப முடியாத தரவு காத்திருக்கும் இடமான பஃபர் நிரம்புவதே இல்லை. உடனே அதை நம்பி இணைப்பு வாங்கிவிடுகிறார்கள்.

பெரிய ஃபிரேம்கள் எத்தனை என்பதைத்தான் பரவல் சொல்லும். அவை எந்த வரிசையில் வரும் என்று சொல்லாது. பஃபரை நிரப்புவதோ வரிசைதான்.

இங்கே கோர் த கார்த் மலைக் கோவிலின் தைப்பூசக் காவடியை ஒரு குழு நேரலையாகக் கொடுத்தது. அர்ச்சகர் நின்று பேசும்வரை படம் தெளிவாக ஓடியது. காவடிகள் படியேறத் தொடங்கியதும் உறைந்துவிட்டது. பக்கத்துத் தீவான ரெயூனியனில் இருக்கும் சொந்தக்காரர்கள் பார்க்கக் காத்திருந்ததே அந்த நேரத்துக்குத்தான்! இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. மயில்தோகை, பூக்கள், ஆடும் கூட்டம் என்று எல்லாம் அசைந்தால் கோடெக்கால் (வீடியோவைச் சுருக்கும் மென்பொருள்) படத்தை அதிகம் சுருக்க முடியாது. அந்தக் காட்சியும் நிமிடக்கணக்கில் நீளும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வீடியோவின் சராசரி விநாடிக்கு 4 மெகாபிட், இணைப்பு விநாடிக்கு 5 மெகாபிட். விநாடிக்கு 7 மெகாபிட் கேட்கும் காட்சி ஒரு நிமிடம் நீடித்தால் விநாடிக்கு 2 வீதம் 120 மெகாபிட் தேங்கும். அதாவது 15 மெகாபைட். கடைசி ஃபிரேம் 24 விநாடி காத்துக் கிடக்கும். அதே ஃபிரேம்களை வரிசை மாற்றிக் கலைத்துவிட்டால் பெரியதற்குப் பக்கத்தில் சிறியது வந்து தேக்கம் உடனே வடிந்துவிடும்.

காரெட், வில்லிங்கர் என்ற ஆய்வாளர்கள் 1994-இலேயே இரண்டு மணி நேரத் திரைப்படம் ஒன்றை அலசி, ஃபிரேம் அளவுகளுக்கிடையே நெடுந்தூரத் தொடர்பு இருப்பதை, அதாவது வெகுதூரம் தள்ளி வரும் ஃபிரேம்களின் அளவுகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதைக் காட்டிவிட்டார்கள். ஆகவே அசல் டிரேஸையும் (ஃபிரேம் அளவுகளின் வரிசைப் பதிவு) வரிசை கலைத்த டிரேஸையும் ஒரே பஃபரில் ஓட்டிப் பாருங்கள். பஃபர் நிரம்பித் தொலையும் தரவின் அளவு வேறுபட்டால் உங்கள் மாதிரிக்குத் தன்னொட்டுறவு, அதாவது ஒரு ஃபிரேமின் அளவுக்கும் அடுத்தடுத்தவற்றின் அளவுக்கும் உள்ள தொடர்பு, கட்டாயம் வேண்டும். பஃபர் மிகச் சிறியது என்றால் நெடுந்தூரத் தொடர்பு அவ்வளவாகப் பாதிக்காது. குறுகிய தொடர்பு அப்போதும் பாதிக்கும்.

ஃபிரேம் வகைகளைக் கலப்பது

முழுப்படம் சுமக்கும் ஃபிரேம் வேறு, மாற்றத்தை மட்டும் சுமக்கும் ஃபிரேம் வேறு. பிரித்துப் பொருத்துங்கள்.

நிமிடச் சராசரி

நிமிடத்துக்கான சராசரி வேகத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பஃபர் நிரம்பினால் பாக்கெட்டுகள் (தரவுப் பொதிகள்) மில்லிவிநாடிகளில் தொலைந்துபோகின்றன.

பதிவான டிரேஸை அப்படியே ஓட்டுவது

இன்றைய பிளேயர் வீடியோவின் ஒரு துண்டை இறக்கும், சற்று ஓயும், மறுபடி இறக்கும். இணைப்பு குறுகினால் தரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அகலமான இணைப்பில் பதிந்ததைக் குறுகலான இணைப்பில் ஓட்டினால் வரும் விடை எந்த இணைப்புக்கும் பொருந்தாது.

நேரலைப் பார்வையாளர்களைத் தனித்தனியாக எண்ணுவது

ஆயிரம் பேர் வெவ்வேறு படம் பார்த்தால் ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டும். எல்லாரும் ஒரே காவடியை நேரலையில் பார்த்தால் ஒரே கனமான துண்டு ஏறத்தாழ ஒரே சமயத்தில் எல்லாருக்கும் போகும். அங்கே ஒருவரின் உச்சத்தை ஆயிரத்தால் பெருக்கித்தான் இணைப்பின் அளவை முடிவு செய்ய வேண்டும்.