வேலியில் இருப்பது கோவையா, ஐவிரலியா?

ஐப்பசி மழைக்குப் பிறகு வேலூர் மாவட்டத்து ஊர்களான அணைக்கட்டு, ஒடுகத்தூர்ப் பக்கம் போனால் வேலி தெரியாத அளவுக்குக் கொடிகள் ஏறிக் கிடக்கும். கோவையும் ஐவிரலியும் ஒன்றோடொன்று பின்னியிருப்பதும் உண்டு. கோவைக்காய் பொரியலுக்கு ஆகும். ஐவிரலிக் காய் நஞ்சு. இரண்டின் பச்சைக் காயிலும் வெள்ளை வரி ஓடும், இரண்டும் பழுத்தால் சிவக்கும். நிறத்தை மட்டும் பார்த்துப் பறிப்பவர்களைக் கண்டால் எனக்குப் பதறுகிறது.

முதலில் பூவைத் தேடுங்கள். கோவைப்பூ வெள்ளை, ஐந்து முனையாக விரிந்து பளிச்சென்று தெரியும். ஐவிரலிப்பூ சிறியது, பச்சை கலந்த மஞ்சள். பூ இல்லாத கொடியில் பறிக்காதீர்கள் என்றுதான் புதியவர்களுக்குச் சொல்வேன். பூக்கும்வரை பொறுங்கள்.

அடுத்தது, வேலியைப் பற்றிக்கொள்ளக் கொடி நீட்டும் பற்றுக்கம்பி. நுனிப்பக்கம் இன்னும் சுருளாத இளங்கம்பியாகப் பாருங்கள். கோவையில் அது பெரும்பாலும் ஒற்றையாக இருக்கும். ஐவிரலியில் இரண்டாகப் பிரிந்திருக்கும்.

பிறகு காய். கோவை கணுவுக்கு ஒன்றாக, விரல்போல நீண்டு தொங்கும். ஐவிரலி கோலிக்குண்டுபோல உருண்டை; ஒரே கணுவில் இரண்டு மூன்று நெருங்கி நிற்கும்.

இலையை நம்ப வேண்டாம். ஐந்து விரலாகப் பிரிந்த இலையால்தான் ஐவிரலிக்கு அந்தப் பெயர்; ஆனால் கோவையிலும் ஆழமாக வெட்டுப்பட்ட இலை வரும்.

சென்ற கார்த்திகையில் என்னுடன் வந்த சிறுமி, "அத்தை, கோவைப்பழம்!" என்று பாவாடை மடியை விரித்தாள். அத்தனையும் உருண்டை. ஒன்றைப் பிளந்து விதையைக் கழுவிக் காட்டினேன்: ஆவுடையாரில் அமர்ந்த லிங்கம்போல இருந்தது. இதனால்தான் அதைச் சிவலிங்கி என்றும் சொல்கிறார்கள். அன்று கொடியிடமே திரும்பிப் போய்ப் பற்றுக்கம்பியை அவளையே எண்ணச் சொன்னேன்.

பூ, கம்பி, காய் மூன்றும் ஒத்துவந்தால் மட்டும் பறியுங்கள். தோல் பதனிடும் கழிவுநீர் ஓடும் வாய்க்கால் ஓரம் என்றால் நல்ல கோவையும் வேண்டாம். வீட்டில் நறுக்கும்போது ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கடுமையாகக் கசந்தால் துப்பிவிட்டு அந்தக் கொடியின் காயை முழுவதும் கொட்டிவிடுங்கள்.

யாராவது ஐவிரலியைத் தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், மருத்துவர் அடையாளம் காண, காயோடு கொடியில் ஒரு முழம் அறுத்துக் கையோடு கொண்டுபோங்கள்.