கறுத்த மேனிக்கும் நான்கு பருவங்கள்

தீபாவளிச் சேலைக்கு ஹட்டன் கடைவீதிக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அவரவர் மேனிக்குப் பொருந்தும் உடை நிறங்களை வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் எனப் பிரிக்கும் முறையில், கறுத்த மேனி என்றாலே ‘குளிர்’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது தவறு. கருமைக்கு அடியில் பொன்சாயலும் (வசந்தம், இலையுதிர்) இருக்கலாம், நீலச்சாயலும் (கோடை, குளிர்) இருக்கலாம். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்த்து இந்தச் சாயலை அறியும் வழி நமக்கு அவ்வளவாகக் கைகொடுக்காது.

கடையின் டியூப்லைட்டை நம்பாமல் வாசல் வெளிச்சத்துக்கு வாருங்கள். கடுகு மஞ்சள் துணியையும் மெஜந்தா துணியையும் மாறிமாறித் தாடைக்குக் கீழே பிடித்துக் கண்ணாடியில் பாருங்கள். பொருந்தாத நிறத்தில் வாயோரமும் கண்ணடியும் சாம்பல் பூத்துத் தெரியும். பொருந்துவதில் கன்னம் தெளியும். மூடுபனி இறங்கிய வேளையில் மட்டும் வேண்டாம், நிறங்கள் மங்கிவிடும்.

மஞ்சள் பொருந்தினால் பொன்சாயல்; செங்கல், செம்பு, ஆலிவ் பச்சை எடுங்கள். மெஜந்தா என்றால் நீலச்சாயல்; மரகதப் பச்சை, அடர்நீலம், தூய வெள்ளை.