நமக்கு நாமே திட்டத்தில் ஊர்ப் பணிக்கு நிதி பெறுவது எப்படி?

அரசுப் பள்ளிக்குச் சுற்றுச்சுவர், அங்கன்வாடிக்குக் கூடுதல் அறை, நூலகத்துக்குப் புதிய கட்டடம் என்று ஊருக்கு ஏதேனும் தேவைப்படும்போது, மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதே நம்மில் பெரும்பாலோர் அறிந்த வழியாகும். தமிழ்நாடு அரசின் நமக்கு நாமே திட்டம் அந்த வகையைச் சேர்ந்ததன்று. பணியின் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால், எஞ்சியதை அரசு தரும். 1997-98இல் தொடங்கப்பட்ட இத்திட்டம், 2011இல் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021-22இல் பழைய பெயரிலேயே ஊரகப் பகுதிகளுக்கும் நகர்ப்புறங்களுக்கும் மீண்டும் கொண்டுவரப்பட்டது. ஆட்சிகளோடு பெயர் மாறினாலும், மக்கள் பங்கு என்ற அடிப்படை மாறவில்லை. ஆகவே, நடப்பு நிதியாண்டில் உங்கள் மாவட்டத்துக்கு ஒதுக்கீடு இருக்கிறதா என்பதை மட்டும் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு வேலையைத் தொடங்கலாம்.

கேட்க வேண்டிய இடம் ஊரகப் பகுதியில் ஊராட்சி ஒன்றிய அலுவலகமும் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையும் ஆகும். ஒன்றியத்தில் இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருப்பார்கள். வட்டார ஊராட்சிக்கு ஒருவர், கிராம ஊராட்சிகளுக்கு ஒருவர். உங்கள் கோப்பு யாரிடம் போகும் என்பதை அங்கேயே கேட்டுவிட்டால் அலைச்சல் மிச்சமாகும். ஊரகப் பணிக்கான விண்ணப்பம் மாவட்ட ஆட்சியருக்கு முகவரியிடப்பட வேண்டும். நகரங்களில் மாநகராட்சி அல்லது நகராட்சி ஆணையரையும், பேரூராட்சியில் செயல் அலுவலரையும் அணுக வேண்டும்.

நன்கொடை வசூலைத் தொடங்குவதற்கு முன் நிலத்தைப் பார்க்க வேண்டும். நான் அறிந்தவரை, இத்தகைய விண்ணப்பங்கள் பணத்தால் நிற்பதைவிட நிலத்தால் நிற்பதே அதிகம். ஊர்ப் பொது இடம் என்று தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் இடம், வருவாய்த் துறைப் பதிவேட்டில் கோயில் நிலமாகவோ, ஓடைப் புறம்போக்காகவோ, தனியார் பட்டாவாகவோ இருப்பது அரிதன்று. கிராம நிர்வாக அலுவலரிடம், நிலத்தின் வகையையும் உரிமையையும் காட்டும் அ-பதிவேட்டின் நகலையும் புல வரைபடத்தையும் பெற்று, புல எண்ணுக்கு எதிரே என்ன வகைப்பாடு எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்றிருந்தால் அங்கே கட்டடம் எழுப்பும் எண்ணத்தை விட்டுவிட்டு வேறு இடம் தேடுவதே நல்லது. தனியார் ஒருவர் இடம் தர முன்வந்தால், வாய்மொழி உறுதியோ வெள்ளைத்தாள் கையெழுத்தோ போதாது; ஊராட்சியின் பெயருக்குத் தானப்பத்திரம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பள்ளி, மருத்துவமனை போன்ற வளாகங்களுக்குள் பணி நடப்பதானால், அந்தந்தத் துறையின் தடையில்லாச் சான்றையும் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். வழிபாட்டுத் தலங்களுக்கும் தனியார் உடைமைகளுக்கும் இந்த நிதி கிடைக்காது என்பதால், கோயில் மண்டபத்தைச் சமுதாயக் கூடம் என்று பெயர் மாற்றி எழுதிப் பார்ப்பதில் பயனில்லை.

அடுத்தது மதிப்பீடு. ஊரில் ஒரு மேஸ்திரி சொல்லும் தொகையும், ஒன்றியப் பொறியாளர் அரசு விலைப்பட்டியலின்படி தயாரிக்கும் தொகையும் ஒன்றாக இருக்காது. பொறியாளரின் மதிப்பீட்டில் சரக்கு மற்றும் சேவை வரி, தொழிலாளர் நல நிதி முதலியனவும் சேரும். மேஸ்திரி 6 லட்சம் என்று சொன்னதை நம்பி 2 லட்சம் திரட்டிய பிறகு, மதிப்பீடு 9 லட்சம் என்று வந்தால், மேலும் 1 லட்சத்துக்கு அதே வீடுகளின் வாசலில் மறுபடி நிற்க வேண்டியிருக்கும். எனவே உதவிப் பொறியாளரையோ பணி மேற்பார்வையாளரையோ இடத்துக்கு அழைத்துவந்து, அளவெடுத்து, தோராய மதிப்பீட்டை எழுத்தில் பெற்ற பின்னரே வசூலைத் தொடங்குங்கள்.

அந்த 9 லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். பொதுவான விதிப்படி மக்கள் பங்கு 3 லட்சம். ஊரகத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும் என்பதால், அங்கே 1 லட்சத்து 80 ஆயிரம் செலுத்தினால் போதும். மக்கள் பங்குக்கு மேல்வரம்பு கிடையாது. அதோடு, பாதியோ அதற்கு மேலோ செலுத்துவோர் பணியைத் தாங்களே, அல்லது தாங்கள் விரும்பும் அமைப்பின் வழியே, செய்துகொள்ளலாம். குறைவாகச் செலுத்தினால் ஒப்பந்தப்புள்ளி கோரி அரசு அமைப்பே பணியை நிறைவேற்றும். கட்டுமானத்தின் தரம் பற்றி அக்கறையுள்ள ஊர்கள், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் ஊர்க்காரர்களையும், பள்ளியின் முன்னாள் மாணவர்களையும், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியையும் நாடி, அந்தப் பாதியை எட்ட முயல்வது பயன் தரும். ஆனால் பொறுப்பேற்று நாள்தோறும் பணியிடத்தில் நிற்க ஆளில்லாத ஊர் இதற்கு ஆசைப்படக்கூடாது. நடந்த வேலையின் அளவுகளைக் குறிக்கும் அளவுப் புத்தகம், பணம் கோரும் பட்டியல், தரச் சோதனை எல்லாம் அப்போதும் பொறியாளரின் சரிபார்ப்புக்கு உட்பட்டவையே.

இங்கே ஓர் எச்சரிக்கை. உங்கள் பங்கைத் தாமே கட்டிவிடுவதாகவும், நீங்கள் கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்றும் ஒப்பந்தக்காரர் ஒருவர் சொன்னால் அதற்கு உடன்படாதீர்கள். மூன்றில் ஒரு பங்கைத் தம் கையிலிருந்து கட்டியவர், அதைச் சிமெண்டிலும் கம்பியிலும்தான் திரும்ப எடுப்பார். 9 லட்ச ரூபாய்ச் சுவருக்கு 6 லட்ச ரூபாய்ப் பொருள்கூடச் சேராது. தாளிலோ அது ஊர் மக்கள் கொடுத்த நன்கொடையாகவே இருக்கும்.

வசூலுக்கு ஐந்தாறு பேர் கொண்ட குழுவை அமைத்து, அதில் பெண்களும் எல்லாத் தெருக்காரர்களும் இடம்பெறும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் கையொப்பமிட்டால் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கு, எண்ணிட்ட ரசீதுப் புத்தகம், கொடுத்தவர் பெயரும் தொகையும் கொண்ட பட்டியல் ஆகிய மூன்றும் இருந்தால் பின்னாளில் பேச்சு எழாது. மதிப்பீட்டை இறுதி செய்து அலுவலகம் கேட்கும்போது, அது குறிப்பிடும் பெயருக்கு வங்கி வரைவோலையாக எடுத்துக் கொடுத்து, ஒப்புகையைக் கேட்டுப் பெறுங்கள். ரொக்கமாக யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

விண்ணப்பத்தோடு கிராம சபைத் தீர்மானத்தின் நகல் இருந்தால் கோப்புக்கு வலு கூடும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். தீர்மானத்தில் பணியின் பெயர், புல எண், உத்தேச மதிப்பு, மக்கள் பங்கு ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். பெரும்பாலான மாவட்டங்களில் 2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றதால், தீர்மான நகலில் யாருடைய கையொப்பம் செல்லும் என்பதை ஊராட்சிச் செயலரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

விண்ணப்பக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. ஊரின் பெருமைகளை விவரிப்பதற்கு மாறாக, “இப்பள்ளியின் வடபுறம் 60 மீட்டர் நீளத்துக்குச் சுவர் இல்லை, அவ்வழியே கால்நடைகள் வளாகத்துக்குள் நுழைகின்றன, மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கைச் செலுத்த ஒப்புக்கொள்கிறோம்” என்பதுபோல் நேராக எழுதுங்கள். நில ஆவண நகல், தோராய மதிப்பீடு, தீர்மானம், தடையில்லாச் சான்று, இடத்தின் புகைப்படங்கள் ஆகியவற்றை இணைத்து, இரண்டாம் படியில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், கோடைக்குள் கொடுத்துவிடுவது நல்லது. தேர்தல் நடத்தை விதிகள் நடைமுறையில் இருக்கும் காலத்தில் புதிய பணிகளுக்கு அனுமதி கிடைக்காது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் வந்த பிறகே பணி ஆணை வழங்கப்படும். அதற்கு முன் அவசரப்பட்டுக் கடைக்கால் தோண்டினால், நடந்த வேலைக்குப் பணம் கிடைப்பது சிக்கலாகிவிடும். இறுதி மதிப்பீட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பெறலாம். கம்பியின் விட்டமும் கலவையின் விகிதமும் அதில் எழுதப்பட்டிருப்பதால், பணி நடக்கும் நாள்களில் குழுவினர் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேச முடியும்.

கட்டி முடித்ததும் அது அரசின் அல்லது உள்ளாட்சியின் சொத்தாகிவிடும். எவ்வளவு பெரிய தொகை கொடுத்தவருக்கும் அதில் உரிமை கிடையாது என்பதை வசூலின்போதே சொல்லிவிட வேண்டும். சமுதாயக் கூடம், பூங்கா போன்றவற்றுக்கு மின்கட்டணம், துப்புரவு, சாவி ஆகியவை யாருடைய பொறுப்பு என்பதையும் அதே கிராம சபைத் தீர்மானத்தில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.